எடைமேடை

நெப்ராஸ்காவில், நெடுஞ்சாலை ஓரம்,
சோள லாரிகளை
நிறுத்தி, நிறுத்து, அனுப்புகிறாள்
லோர்னா வாசெக்.

மேசை இழுப்பறையில் மூன்றாவது புட்டி.
அறுபது மாத்திரை, நாற்பத்தொன்பது டாலர்.
லேபிளில் ஒரு மஞ்சள் பழம்,
பூசணி குட்டி போட்டதுபோல.
அதன் பேர் கொடம்புளி என்றோ
மீன் குழம்பில் போட்டு
இரண்டு தட்டுச் சோறு கூடத்தான் இறங்கும் என்றோ
சொல்ல அங்கே ஆளில்லை.

கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில்
அடியில் ஒரு வரி:
உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் உட்கொள்ளவும்.
'அது ரெண்டும் இருந்தா இது எதுக்கு?'
ரசீதுக்கு வந்த டுவெய்ன் கேட்டுச் சிரித்தான்.
அவன் சட்டைப்பையில்
கொழுப்பை எரிக்கும் காப்பிப் பொடி.

ராத்திரி இரண்டு மணி. சாலை காலி.
கோட்டைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி,
லாரி ஏறும் இரும்பின் மேல்
தானே போய் நிற்கிறாள்.
இருபது பவுண்டுக்குக் கீழே எதையும்
மதிக்காத எந்திரம்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்கள்
கொஞ்சம் யோசித்து
இருநூற்று நாற்பது என்கின்றன.
ஆகஸ்டிலும் அதையேதான் சொல்லின.

காலுறை வழியே குளிர் ஏறுகிறது.
இறங்கவில்லை.
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு
இன்னொரு தடவை
அண்ணாந்து பார்க்கிறாள்.