கோப்புப் படம்

அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான்.
பாம்பன் சின்னப்பாலத்துக்குத் தெற்கே
ஒரு மாசி மாதம், காலை ஏழே கால்.
இடுப்பளவுத் தண்ணீரில் பதினோரு பெண்கள்
பாசி எடுத்துக் கரை திரும்பிக்கொண்டிருந்தார்கள்.
தலையில் துண்டு, விரல்களில் கிழிதுணிச் சுற்று,
புருஷன்மாரின் பழைய சட்டை,
தோளில் நீர் சொட்டும் சாக்கு.
முன்னால் வருகிறவள் நம்புத்தாய்.
"என்னத்துக்குண்ணே படம்?"
"பேப்பர்ல வரும்."
சிரித்தாள்.
சிரித்தது கலங்கிவிட்டது.
அதற்கு முந்தியதைத்தான் அனுப்பினேன்.
வந்தது; முந்நூறு ரூபாயும் வந்தது.

மூன்று வருடம் கழித்து
மதுரையில் ஏசி அறையில் யாரோ
கடல், பெண்கள், மூட்டை என்று தேடியிருக்கிறார்.
கிடைத்துவிட்டது.
முதல் பக்கம். நான்கு பத்தி அகலம்.
'சாரை சாரையாக வந்திறங்கும் அகதிகள்:
திணறுகிறது தீவு.'
கீழ் மூலையில்
எறும்பு படித்தாலும் கண்ணாடி கேட்கும் எழுத்தில்
கோப்புப் படம்.

அந்த இரவு உண்மையில் வந்தவர்கள் நான்கு பேர்.
அரிச்சல்முனையில் இருட்டோடு இறங்கி
விடியுமுன் மண்டபம் முகாமுக்குப் போய்விட்டார்கள்.
இருட்டைப் படம் எடுக்க என்னிடம் லென்ஸ் இல்லை.

ரேஷன் கடை வரிசையில் ஒருவன்
தாளையும் நம்புத்தாயையும் மாறி மாறிப் பார்த்து
"எந்த முகாம்?" என்றானாம்.
நேரே என் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.
பாஸ்போர்ட் சைஸ் முகங்களுக்கு மேல்
தாளை விரித்துப் போட்டாள்.
"நான் எங்கேருந்து வந்து இறங்குனேன்?
கடலுக்குள்ளேருந்து வீட்டுக்குத்தானே வந்தேன்.
மூட்டையில இருக்கது பாசின்னு போடச் சொல்லு."

சொன்னேன். ஐந்தாம் நாள் போட்டார்கள்.
ஏழாம் பக்கத்தில், தங்கம் விலைக்குக் கீழே:
தவறுக்கு வருந்துகிறோம்.
எந்தத் தவறு என்று இல்லை.
பாசி என்ற சொல் எங்கும் இல்லை.

பிறகு வைகாசி. கச்சான் காற்று.
ஒரு படகோட்டி ஐந்து பேரை
நாலாம் மணல் திட்டில் இறக்கி
"இதுதான் இந்தியா" என்று சொல்லித் திரும்பிவிட்டான்.
ஒரு பகல், ஒன்றரை இரவு.
மீன்பிடிக்கப் போன கெவிக்கு
யாரோ சேலையை ஆட்டுவது தெரிந்திருக்கிறது.
அவன் வள்ளத்தில் நானும் போனேன்.

வெறும் மஞ்சள் கேனைத் தூக்கிக் காட்டும் ஆள்.
உப்புப் பூத்த கால்கள்.
சேலை நிழலுக்குள் ஒரு குழந்தை,
உதடு பிளந்து, அழக்கூட இல்லாமல்.

அனுப்பினேன்.
மதுரை கேட்டது: "இது புதுசா, கோப்பா?"
போட்டார்கள்.
தங்கச்சிமடம் டீக்கடையில்
செல்போனை விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தார்கள்.
"பழைய படம்."
"இதுகளும் பாசி எடுக்கிறவளுகதான்."
"நிழல் விழுற தெச சரியில்ல, பாருங்க."
"போன தடவ ஏமாந்தோம்ல?"
போன தடவை துளி சந்தேகமில்லாமல் நம்பியவர்கள்
இந்தத் தடவை துளி சந்தேகமில்லாமல் நம்பவில்லை.
ஒருவர் என்னைத் தெரிந்தவர்;
டீக்குக் காசு கொடுத்துவிட்டு
"எவ்வளவு குடுத்தான்?" என்றார் அன்பாக.

சின்னப்பாலத்துக்குப் போனேன்.
அவள் கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
போனை வாங்கி
முகங்களைப் பார்க்கவில்லை,
தண்ணீரைப் பார்த்தாள்.
"நீர் ஏறுற நேரம். மணல்ல கோடு நனைஞ்சிருக்கு.
இன்னும் ரெண்டு நாழி விட்டிருந்தா
திட்டு பாதி போயிருக்கும்.
நெசந்தான் இது."

எனக்குப் போதும் என்றிருந்தது.
போனை நீட்டினேன், வாங்க.
அவள் தரவில்லை.

"அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுத்தியாண்ணே?"
"குடுத்தேன்."
"படம் எடுக்கிறதுக்கு முன்னாடியா,
பின்னாடியா?"

துணி சுற்றிய விரலைப் படத்தின்
கீழ் மூலையில் வைத்தாள்.
அங்கே, கோப்புப் படம் என்று போடுகிற இடத்தில்,
நீலமாய்க் கலங்கித் தெரிகிறது
என் தண்ணீர் பாட்டில்.
கழுத்துவரை நிறைந்து.
மூடி திறக்காமல்.