சட்டத்துக்குள்

கமன்சாக்கா என்று இங்கே கடல்மூடுபனிக்குப் பெயர்.
காலை எட்டு மணிவரை கரையை யாருக்கும் காட்டாது.
அட்டகாமாவில் ஈரம் என்றால்
இதுவும் கடலும்தான்.

நீர் வற்றும் நேரம் ஏழு நாற்பது.
என் கையில் ஒரு சட்டம்.
வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், மீட்டருக்கு மீட்டர்,
உடைந்த மூலையில் ஒட்டுநாடா.
கண்ணை மூடிக்கொண்டு பாறைமேல் எறிய வேண்டும்.
விழுந்த இடத்தில் உள்ளே இருப்பது கணக்கு.
வெளியே இருப்பது
வெளியே இருக்கிறது.

எர்மெலிந்தா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பார்க்கிறாள்.
ரப்பர் காலணி, மகனின் சுரங்கச் சட்டை,
முதுகில் நிறுவனத்தின் பெயர் பாதி உரிந்திருக்கிறது.
"தலைநகரிலிருந்து வரப்போகிறதாமே ஒரு சட்டம்,
அது இதுதானா?"
இல்லை, அதற்கு இது என்றேன்.
"இதைவிடப் பெரிதா?"
பதில் தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

ஊய்ரோவுக்கு வேர் கிடையாது.
வேர் போல இருப்பது எதையும் உறிஞ்சுவதில்லை,
பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.
கல்லை ஒரு பிடி.
நெற்றி அகலப் பிடிக்கு மேலே
ஆள் உயரத்துக்குப் பழுப்பு வார்கள்,
அலை வந்தால் ஒரு பக்கம், போனால் மறுபக்கம்.

அவளுக்கு விதிகள் மனப்பாடம்.
மூன்றுக்கு ஒன்று எடு.
சாணுக்குக் குறைந்த பிடியைத் தொடாதே.
அறுக்காதே, முழுதாகப் பெயர்.
அடியை விட்டு அறுத்தால் அது அழுகிக்கொண்டே
அடுத்ததன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.
விதிகளைச் சொல்லிவிட்டு, கிலோவின் விலையையும் சொன்னாள்.
இரண்டையும் ஒரே மூச்சில்.

மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்றேன்.
நுனியைச் செருகி, இடுப்பைக் கொடுத்து, ஒரு நெம்பு.
பாறை பல் பிடுங்கியதுபோல் சத்தமிட்டது.

பள்ளிக்கூடத்துப் பின்னறையில், தட்டில், இரவு பதினொன்றுக்கு
அந்தப் பிடியைப் பிரித்தேன்.
கடுகளவு கடல்முள்ளிகள் நாற்பத்தொன்று.
நொறுங்குநட்சத்திரம் ஆறு, கைகளை எண்ணவில்லை.
தட்டை நண்டுகள், ஒன்றின் வயிற்றில் முட்டை.
புழுக்களை முப்பதோடு நிறுத்தினேன்.
யாரோ ஒட்டிவைத்துப் போன மீன்முட்டைக் கொத்து,
ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள், முழித்தபடி.

படிவத்தில் ஒரு பத்தி: மனிதப் பயன்பாடு.
அறுவடை எவ்வளவு, யார், எந்தக் கருவியால்.
கண்முன் கிடந்த இந்த ஒன்றை
எந்த வரியில் எழுதுவது?
ஆராய்ச்சிக்கு என்று வரி இல்லை.
சுரங்கம் ஆட்குறைத்த ஆண்டுதான்
கரையில் கடப்பாரைகள் இரட்டித்தன,
அதற்கும் இல்லை.
காய்ந்தது லாரி ஏறி, ஆலையில் மாவாகி,
கப்பலில் போய், உருகாத ஐஸ்கிரீமாகி,
பற்பசைக்குள் வழவழப்பாகி...
அன்று இரவும் பல் தேய்த்தேன்.
நுரையைத் துப்பும்போது
கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் விட்டேன்.

ஆகஸ்டில் திரும்பி வந்தேன்.
நான்கு மூலைக்கும் அறைந்திருந்த திருகாணிகளில்
மூன்று மிச்சம். சட்டம் பொருந்தியது.
உள்ளே இளஞ்சிவப்பு மேலோடு,
இரண்டு நத்தைகள், வழுக்கல்.
ஊய்ரோ: பூஜ்யம்.
நீரில் கரையாத தாள். பென்சிலைத் தீட்டினேன்.

"இங்கே பார்" என்றாள்.
சட்டத்துக்கு நான்கு விரல் வெளியே
நகத்தளவில் பழுப்புத் துளிர்கள், ஏழோ எட்டோ,
கல்லை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.
"கொஞ்சம் நகர்த்தேன்."

நகர்த்தக்கூடாது.
ஏன் என்று விளக்கினேன், நன்றாகவே விளக்கினேன்.
ஒருதரம் நகர்த்தினால் பிறகு
எல்லாரும் விரும்பிய இடத்தில்தான் கடல் இருக்கும்.
அவள் குனிந்து
என் சட்டத்தையும் துளிர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்,
எடைக்கல்லைச் சந்தேகிப்பவள் போல.

பூஜ்யம் என்று எழுதினேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில், நான்கு விரல் என்றும்.
அலுவலகத்தில் அழித்துவிடுவார்கள்.

நீர் ஏறத் தொடங்கியது.
கடப்பாரையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.
இப்போது கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னாள். எழுதிக்கொண்டேன்.