ஆனி பத்தொன்பது, பின்னேரம்

நயாகராப் பக்கத் திராட்சைத் தோட்டமொன்றில்
ஒருநாள் வாடகை என்னவென்று கேட்டுவிட்டு
மிதுசனா எனக்கு எடுத்தாள்.
"அக்கா, அந்தக் காசுக்கு
வன்னியில என்ன செய்யலாம்?"

கரடிப்போக்குச் சந்தியில் என் கடை.
முந்நூறு கதிரை, ஒரு ஜெனரேட்டர்,
இரவல் வாங்க இன்னொன்று.
எல்லாம் செய்யலாம் என்றேன்.
திராட்சை இல்லை, பனை இருக்கு.
வைன் வேண்டுமென்றால் முட்டியில் இறக்கலாம்.
அவள் சிரிப்பு
வாட்சப்பில் ஒரு நொடி பிந்தி வந்தது.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடு.
அங்கே பள்ளிக்கூடம் பூட்ட ஆனி பாதியாகும்.
ஆடிக்குத் தாய் சம்மதிக்க மாட்டார்.
ஆவணிக்கு மரம் சம்மதிக்காது,
பாளை வற்றிவிடும்.
பஞ்சாங்கத்தையும் விமானச்சீட்டையும் பக்கத்தில் வைத்து
பத்து நாள் யோசித்த ஐயர்
பத்தொன்பதில் விரலை வைத்தார்,
பொழுதுபட முந்தி.
அப்போது சோளகம் பேயாய் அடிக்கும் என்பதை
நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

அவள் அனுப்பிய படத்தில்
வெள்ளைத் துணி அசையாமல் தொங்கியது.
தங்கச்சி, இங்கே அது பாய்மரம்.
மணவறை பூநகரிக்குப் போய்விடும்.
துணியை விடுவம், ஓலை பின்னுவம்.

வன்னேரிக்குளம், அணைக்கட்டுக்குக் கீழே.
கமக்காரரிடம் ஒரு கடிதம்,
கிராம அலுவலரிடம் ஒன்று,
கள்ளுச் சங்கத்தில் எத்தனை லீற்றர் என்று எழுதச் சொன்னார்கள்.
மாப்பிள்ளை பகுதி வெள்ளைக்காரர்,
எவ்வளவு குடிப்பார்களென்று எனக்கெப்படித் தெரியும்?
எண்பது என்று போட்டேன்.

தாயின் குரற்பதிவு:
"கள்ளெண்டு அழைப்பிதழில போடாதையும்."
'உள்ளூர்ப் பானம்' என்று திருத்தினேன்.
அடுத்த பதிவு, கொஞ்சம் தணிந்த குரலில்:
"சீவுறவரையும் கூப்பிடுறதோ பிள்ளை?"
மறுமொழி எழுத அரைநாள் சென்றது.
முந்நூறு கதிரை இருக்கு அம்மா, என்றேன்.

பேரம்பலம் தோப்பைச் சுற்றிக் காட்டினார்.
லைட்டுக்காரப் பெடியன் ஜெனுசன்
வயரைத் தோளில் போட்டபடி பின்னால்.
"இதில கட்டாத, முட்டி இருக்கு.
இதிலயும்.
இது காய்க்கிறது, விடு.
அந்தா நிக்குது ஏழு.
அதில எவ்வளவெண்டாலும் சுத்து.
அதுகளில நான் ஏறுறேல்ல."

ஏழும் ஒரே உயரமில்லை.
வரிசையும் கோணல்.
படமெடுத்து அனுப்பினேன்.
"அக்கா, இந்தத் தூண்கள் வடிவா இருக்கு!
ஆர் நட்டது?"

தூண் மாதிரித்தான், என்று எழுதி
அழித்தேன்.
பழைய மரங்கள், என்று எழுதி
அதையும் அழித்தேன்.
பனை. வட்டுப் போன பனை.
செல் விழுந்தது.

அவள் எழுதுகிறாள், எழுதுகிறாள் என்றே
திரை காட்டிக்கொண்டிருந்தது.
நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபிறகும்
எழுதிக்கொண்டிருந்தாள்.
வந்தது ஒரு வரி:
"அப்ப லைட் கொஞ்சமாப் போடுங்கோ."

கதிரைக்கு வெள்ளை உறை வேண்டாம், புழுதி.
பிளா முந்நூற்றைம்பது, ஐம்பது கிழியும்.
மயில் கத்தினால் ஒன்றும் செய்யேலாது,
மேளகாரரிடம் சொல்லி வைக்கவேணும்.
கட்டுக்கு மேலே மாடு வரும் நேரம் ஆறுமணி,
மாட்டுக்காரரிடம் சொல்லிப் பயனில்லை.

பேரம்பலத்திடம் கேட்டேன்:
உங்களுக்கு எந்த வரிசையில் கதிரை போட?
"எத்தின மணிக்குத் தாலி?"
ஐந்தே முக்கால்.
"அப்ப நான் மேல நிப்பன்.
பின்னேரச் சீவலை விட்டால்
மரம் அடுத்த நாள் கோவிக்கும்.
இறங்கி வந்து சாப்பிடுறன்,
ஒரு கதிரை வையுங்கோ."

இரவு கொப்பியைத் திறந்து
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:

ட்ரோன் எழும்புவது ஐந்து நாற்பது.
பேரம்பலம் ஏறுவது ஐந்தரை.
ட்ரோன்காரனிடம் மரத்தைக் காட்டவேண்டும்.
முதல் வரிசை, ஓரக் கதிரை:
ஒருவரும் இருக்கவிடாமல் பார்க்கவேண்டும்.