யானை வராத தெரு

மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் விடியலில்
சான்சிபார் கல் நகரத்தின் இந்தச் சந்தில்
ஒரு வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது.
கதவு மட்டும் உட்காரவில்லை.

அதற்கு நான் இரவுக் காவல்.
முதல் நாள் அதிகாரி சாவியை என் கையில் வைத்து
"பூட்டியே இருக்கட்டும்" என்றார்.
இடப்பக்கச் சுவர் இடுப்பு உயரம்.
வலப்பக்கம் அதுவும் இல்லை.
பூட்டினேன்.

கதவில் இருப்பது இன்னதென்று
வழிகாட்டி மகாமே ஊராருக்குச் சொல்லச் சொல்ல
நானும் தெரிந்துகொண்டேன்.
அடியில் மீன்கள்: பிள்ளை குட்டி பெருக.
பேரீச்சை: பஞ்சம் வராதிருக்க.
சுருள் சுருளாகச் சாம்பிராணிப் புகை.
உச்சியில் தாமரை; அதைத் தண்ணீரில்
நானும் கண்டதில்லை, மகாமேயும் கண்டதில்லை.
பித்தளைக் குமிழ்கள் யானை முட்டாமல் இருக்க.
கடல் தாண்டி எந்த யானை வரும் என்று யாரும் கேட்பதில்லை.
தூக்கம் வந்தால் எண்ணுவேன்.
அறுபத்து நான்கு.
ஒன்று ஆடுகிறது.

நிலையைச் சுற்றி ஓடும் சங்கிலிக்கு மட்டும்
அவன் ஆள் பார்த்துப் பொருள் சொல்வான்.
ஜெர்மானியர் வந்தால், தீமையைக் கட்டிப்போடும் சங்கிலி.
மஸ்கட்காரர் வந்தால், நங்கூரச் சங்கிலி.
பள்ளிப் பிள்ளைகள் வந்தால்
ஒரு கண்ணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா நிற்பான்.
பழைய அடிமைச் சந்தை இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.
நான் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.
என் பாட்டனைப் பெற்றவளுக்கு எந்த ஊர் என்று
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இருட்டுத் தொழுகை முடிந்ததும் ஸுவேனா வருவாள்.
பதினோரு குடும்பம் இருந்த வீட்டில்
மாடியில் கடைசி அறை அவளுடையது.
வலப்பக்கம் ஆடுகள் போய் வருகின்றன.
அவள் அந்த வழியைப் பார்ப்பதுகூட இல்லை.
கதவின் முன் வந்து நின்று, செருப்பைத் தட்டிவிட்டு,
"ஹோடி" என்பாள்.

உள்ளிருந்து ஒருவர் "கரிபு" சொன்னால்தானே
வரலாம் என்று அர்த்தம்.
முதல் நாள் நாங்கள் இருவரும் விழித்தோம்.
பிறகு நான் இடிபாட்டைச் சுற்றிப் போய்
கதவுக்குப் பின்னால் நின்று
தொண்டையைச் செருமி, "கரிபு" என்றேன்.
திரும்பச் சுற்றி வந்து பூட்டைத் திறந்தேன்.
வலப்பலகை ஆண், இடப்பலகை பெண்,
ஆண் திறந்தால்தான் பெண் திறக்கும் என்பான் மகாமே.
அவளுக்கு இரண்டையும் திறந்துவைப்பேன்.

பவளக்கல்லைப் புரட்டிப் புரட்டி அவள் எடுத்தவை:
தையல் இயந்திரத்தின் சக்கரம்,
இரத்த அழுத்த மாத்திரை அட்டை, நான்கு மீதி இருந்தது,
யாரோ ஒரு பையனின் மதிப்பெண் தாள்.
("ஐயோ, கணக்கில் இவ்வளவுதானா!" என்று சிரித்தாள்.)
ஒருநாள் ஒன்றும் எடுக்கவில்லை.
படிக்கட்டு இருந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
நல்ல உயரத்தில் ஒரு வௌவால் போயிற்று.

வடக்குக் கடற்கரை விடுதிக்காரர் ஒருவர்
கதவைச் சாணால் அளந்தார்.
படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி வைத்தால்
பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம்.
மீன்கள் கீழிருந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
"விலை சொல்" என்றார்.
"நான் இரவு ஆள். பகலில் வாருங்கள்" என்றேன்.
பகலில் வந்துவிட்டார் என்று கேள்வி.

நேற்று ஸுவேனா வரவில்லை.
அதற்கு முந்தின நாளும்.
புது அடுக்ககத்தில் இடம் கிடைத்திருக்கும்;
அங்கே கதவு தகரமோ ஒட்டுப்பலகையோ, யார் கண்டது.

எங்கள் கணக்கில் இரவு ஆறு மணி, நடுச்சாமம்.
தூறல்.
நிலைக்கு மேல் உத்தரம் ஒரு கை அகலம்தான், நனைந்தேன்.
என்ன தோன்றிற்றோ,
செருப்பைத் தட்டிவிட்டு
"ஹோடி" என்றேன்.

உள்ளே ஓர் ஆடு அசைபோடுவதை நிறுத்தியது.

காத்திருந்தேன்.
சாவி என் பையில்தான் இருந்தது.