நிற்பதற்குச் சற்று முன்

பகலில் எனக்குக் கல்முனை – மட்டக்களப்பு தனியார் பஸ்.
இரவில் எட்டுப் பெட்டி ரயில்.

மச்சினன் கட்டாருக்குப் போகும்போது
விட்டுப்போன கம்பியூட்டர்.
அதற்குள் ஏதோ ஒரு குளிர்நாட்டின் தண்டவாளம்.
நிலையங்களின் பெயர்கள் என் வாயில் நிற்காது.
அதனால் ஆற்றைக் கடந்தால் புனானை,
ஊசியிலைக் காடு முடிந்தால் வாழைச்சேனை,
பனி கொட்டும் மூன்றாம் மேடைக்கு
ஏறாவூர் என்று வைத்துக்கொண்டேன்.
இதுவரை எவரும் வந்து கேட்கவில்லை.

முதல் இரவு
பஸ்ஸை எடுப்பதுபோல எடுத்தேன்.
கைப்பிடி ஒரே தள்ளில் எட்டாம் படிக்கு.
சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது.
நிறுத்தும்போது ஒரே மிதி
(மிதிக்க ஒன்றுமில்லை, ஒரு விசைதான்,
ஆனாலும் மேசைக்குக் கீழே
என் வலது கால் சீமெந்தை மிதித்தது).
திரையின் மூலையில் எழுதி வந்தது:
பயணிகளின் சௌகரியம்
நூற்றுக்கு முப்பத்தொன்று.

பதினாறு வருசமாய் ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு!
"ஓ.எல். கணக்கிலயும் உங்களுக்கு அதுதானே" என்றாள்
கோகிலவதி, நுளம்பு வலையை உதறிக்கொண்டே.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது.
ஒன்றாம் படியில் வை. பொறு.
பெட்டிகளுக்கிடையே கொழுக்கிகள்
ஒவ்வொன்றாய் இறுகட்டும்.
கடைசிப் பெட்டியும் ‘ஓம், நானும் வாறன்’ என்ற பிறகு
இரண்டு.

நிறுத்துவது அதைவிடக் கஷ்டம்.
மேடை கண்ணிலேயே படாத தூரத்தில்
கொஞ்சம் பிடி.
பிறகு இன்னும் கொஞ்சம்.
பிறகு, எந்த பஸ்காரனும் இதை நம்பமாட்டான்,
மனிசர் நடக்கிற வேகம் வந்ததும்
பிடித்ததை விடு.
ரயில் தன்பாட்டில் கரைந்து நிற்கும்.
மேசையில் வைத்த பிளேன்ரீ எப்படியும் ஆடப்போவதில்லை.
ஒவ்வொரு தடவையும் அதைத்தான் பார்ப்பேன்.

புதன்கிழமை, செட்டிபாளையம்.
பின்னால் சீ.ரி.பி. பஸ்.
அஸ்மீர் கதவில் தொங்கி "அடி அடி அடி" என்கிறான்.
குறுக்கே ஒரு மாடு.

களுவாஞ்சிகுடியில் ஏறிய பெண்,
மடியில் இரண்டு தயிர்ச்சட்டி.
ஒன்று உருண்டு வந்து
என் இருக்கைக்குப் பின்னால் உடைந்தது.
அவள் ஏசவில்லை.
ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன்,
மாட்டை, றோட்டை, ரைம்கீப்பரை.
மற்றச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
காத்தான்குடி மட்டும்
என் முதுகையே பார்த்து வந்தாள்.
கண்ணாடியில் தெரிந்தது.

இறங்கும்போது காசு நீட்டினேன்.
"சட்டி என்ட. தயிர் அடுத்தவங்கட.
தயிருக்கு மட்டும் தாங்க."
எண்ணி எடுத்து மீதியைத் திருப்பித் தந்தாள்.

அன்றிரவு ஏறாவூர், பனி,
தொண்ணூற்றிரண்டு.
முகமில்லாத பயணிகள் இறங்கிப் போனார்கள்.
யார் கையிலும் ஒன்றுமில்லை.
பாதி வழியில் ரயிலை விட்டுவிட்டு
கம்பியூட்டரை அணைத்தேன்.

வியாழன், முதல் நடை.
ஒன்றாம் கியர். பொறு.
நிற்பவர்கள் கம்பியைப் பிடித்து முடிக்கட்டும்.
இரண்டு.
ஆரையம்பதியில் சீ.ரி.பி. எங்களைக் கடந்தது.
எங்களுக்காக நின்ற ஆறு பேரும் அதில் ஏறினார்கள்.
அஸ்மீர் ஆறு விரலைத் தூக்கிக் காட்டி
"நித்திரையா அண்ணன்?" என்றான்.
தயிர் வாசம் இன்னும் போகவில்லை,
இருக்கைக்குக் கீழே புளித்துக் கிடந்தது.

கல்லடி வருகிறது.
இஞ்சியிருந்தே கொஞ்சம் பிடித்தேன்.
பிறகு இன்னும் கொஞ்சம்.
ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது.
கால் தானாக அழுத்தப் பார்த்தது,
விட்டேன்.

ஒருவரும் எழும்பவில்லை.
ஜன்னலோரத்தில் ஒருவர் வாயைத் திறந்தபடி உறங்கினார்.
பள்ளிப் பிள்ளை ஒன்று
கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தது.

அஸ்மீர்தான் தகரத்தில் தட்டினான்:
"கல்லடி! கல்லடி!
இறங்குங்க, பஸ் நிண்டு எவ்வளவு நேரம்!"