ஜூன் முப்பதோடு முடிகிறது

என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி,
ஒரு கால் குட்டை.
ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சிக்காரர்கள்தான் அதில் வந்து உட்காருவார்கள்.
முதலாண்டில் எவரும் என்னைத் தேடுவதில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய், ரோவன் டஃபெக் வந்தாள்,
காலணியில் மிசிசிப்பிச் சேறு.
அவள் ஆராய்வது ஒருநாள்பூச்சியை:
ஆற்றடியில் ஓராண்டு புழுவாய்க் கிடந்து
ஜூலையில் ஓரிரவு சிறகோடு எழும்.
எழுந்தபின் தின்ன அதற்கு வாய் உதவாது.
"கொடுத்துவைத்த ஜீவன்" என்றாள்.

கடிதம் நான் தட்டியதுதான்.
உதவித்தொகை ஜூன் முப்பதோடு முடிகிறது.
கையெழுத்து மட்டும் வேறொருவருடையது.

வேறு என்ன வழி என்று கேட்டாள்.
பாடம் நடத்தலாம், நூற்றெண்பது விடைத்தாள்;
திருத்தி முடிப்பதற்குள்
பூச்சிகள் முட்டையிட்டுச் செத்திருக்கும்.
பேராசிரியரின் மானியமா,
அது வாஷிங்டனில் பரிசீலனையில்.
கடன் என்றதும் சிரித்துவிட்டாள்:
"அம்மா படிக்க வாங்கினதே இன்னும் அடையல."

இழுப்பறையின் அடியிலிருந்து பச்சைக் கோப்பை எடுத்தேன்.
ஹெல்மர் ஓஸ்ட்பி, வெண்ணெய் ஆலை முதலாளி,
ஐம்பத்தொன்றில் எழுதிவைத்த உயில்:
பாலைப் பற்றிப் படிக்கும் வசதியற்ற மாணவருக்கு.
பதினோரு வருடமாக யாரும் கேட்கவில்லை.
வட்டி குட்டி போட்டிருக்கிறது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுவது என் வேலையில் பாதி.
பாலுக்கும் பூச்சிக்கும் ஏதாவது உண்டா என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை.
"மழை பெய்தால் பண்ணைச் சாணம் ஆற்றில் இறங்குது.
மூச்சு முட்டிப் புழு சாகுது.
என் மூன்றாவது இயலே அதுதான்."

நிதிக்குழுவில் ஓஸ்ட்பியின் பேரன் இருக்கிறார்.
அவருக்கு நானூறு மாடுகள்.

தலைப்புக்கு ஒரே ஒரு வரிதான் இடம்.
'பால் பண்ணையும் ஆற்று நலமும்' என்று எழுதினோம்.
நலம் என் யோசனை.
பொய் இல்லை.
முழுசும் இல்லை.

இன்று ஜூலை எட்டு. பதில் வரவில்லை.
பாலத்து விளக்குகளை நகராட்சி அணைத்துவிட்டது.
பனி வழிக்கும் வண்டி, கோடையில்,
பூச்சிகளைக் குவியல் குவியலாய் ஓரம் தள்ளுகிறது.
சம்பளமில்லாத ரோவன்
வாளியோடு வண்டிக்கு முன்னே ஓடுகிறாள்.

ஆய்வகக் கதவு
அவள் அட்டைக்கு இப்போது திறப்பதில்லை.
என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன்.
கேட்டால், தொலைந்துபோனது என்பேன்.
அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.