முப்பத்திரண்டுக்குப் பதினெட்டு

வைகாசி பிறந்தால் வல்லைவெளிக்கு
ஒரு மலை வந்துவிடும்.
கண்ணுக்குத் தெரியாது.
பாலத்தடியில் தண்ணீர் எந்தப் பக்கம் சுருங்குதென்று பார்த்து
அதன் சரிவை நான் அளப்பேன்.

"மலைச் சைக்கிளோ? மலை எங்க பிள்ளை?"
கொழும்பு பஸ்ஸின் முதுகிலிருந்து அதை இறக்கும்போது
கண்டக்டர் கேட்டான்.
சனம் சிரித்தது. நானும்.
இருபத்தொரு கியர்.
அச்சுவேலியிலிருந்து நெல்லியடி ஆய்வுகூடம் வரை
ஒரு மேடுகூட இல்லை.

உப்புக்காற்றுக்கு ஒன்பது மாதம் போதுமாயிருந்தது.
இருபத்தொன்று ஏழாகி, ஏழு இரண்டாகி,
பிறகு எந்த லீவரைத் தட்டினாலும்
ஒரே பதில்.
சரி, ஒன்றுதான் என்றால்
அந்த ஒன்றை நானே தெரிகிறேன்
என்று ஒரு போயா நாள் முழுக்க
கேபிள், லீவர், துருப்பிடித்த கியர்மாற்றி,
பின்னால் அடுக்கியிருந்த பல்லுச்சில்லுகள் எல்லாம் கழற்றிப்
பால்மா ரின்னுக்குள் போட்டு நிறுத்தேன்.
ஒன்றேகால் கிலோ தயக்கம்.

முன்னால் முப்பத்திரண்டு பல்லு.
பின்னால்?

பதினாறு போட்ட காலை
காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
இரத்த மாதிரிகள் வருமுன்னமே நான் வந்துவிட்டேன்.
பின்னேரம் அதே பதினாறு
வெளியின் நட்டநடுவில் என்னை இறக்கிவிட்டது.
உருட்டிக்கொண்டு நடந்தேன்.
ஒரு நாய் கொஞ்சத்தூரம் கூட வந்து
அலுத்துத் திரும்பியது.

இருபது போட்டால் பின்னேரம் தாங்கும்.
காலையில் கால் தையல்மெஷின் ஊசி,
உழக்க உழக்கச் சைக்கிள் போகாது,
பால்காரன் முந்துவான்.

பல்லை எண்ணுவதென்றால்
நடுவெளியில் வரப்போகிற நோவை
வீட்டிலிருந்தே விலைபேசுவது.
பதினெட்டு என்று முடிவாக்கினேன்.

அங்கேதான் வினை.
பதினெட்டுக்குச் செயின் தொய்ந்தது.
ஒரு கண்ணி கழற்றினால் பூட்டவே எட்டாது.
பின்னச்சை இழுத்து இறுக்க இடமில்லாத சட்டம்,
கியருக்கென்றே வார்த்தது.
"ஸ்பிரிங் ஒன்று வைச்சு இழுத்துவிடுவம்" என்றான்
கடைக்கார றெஜினோல்ட்.
எனக்கு மனமில்லை.
தொங்கும் சாமான் ஒன்றும் வேண்டாமென்றுதானே
இவ்வளவும்.

கறள் மணக்கும் ரின்னுக்குள் கைவிட்டேன்.
கழித்த பழைய செயின்.
ஓடி ஓடி, முள்ளுகள் தேய்ந்து
கண்ணிக்கு ஒரு மயிரளவு நீண்டிருந்தது.
அந்த ஒரு கண்ணியைக் குறைத்துப் பூட்டினேன்.
எட்டியது.
விரலால் தட்ட
அரை அங்குலம் ஆடி நின்றது.
"புதுப் பல்லைத் தின்னும்" என்றான் றெஜினோல்ட்.
தெரியும்.
தின்னட்டும்.

அன்று பின்னேரம் பாலத்தில் ஏற
மலை அங்கேதான் நின்றது.
ஆசனத்தை விட்டு எழும்பினேன்.
இடது தொடை, வலது தொடை,
மாற்ற ஒன்றுமில்லை, என்னைத் தவிர.
பல்லுக்குள் மண்.
யோசிக்க இடமில்லாத அளவுக்கு மெதுவாய்
நான் போய்க்கொண்டிருந்தேன்.

பின்சில்லுக்குப் பின்னால் யாரோ.
வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல்,
கறள்பிடித்த லேடீஸ் சைக்கிள்.
பாலத்திலிருந்து என் முதுகை மறைப்பாக்கி
ஒரு கையால் கச்சான் கொறித்தபடி
கச்சான் காற்றுக்குள் வந்திருக்கிறாள்.

பக்கத்தில் வந்தாள்.
"அக்கா, உங்கட சைக்கிளுக்குக் கியர் இல்லையோ?"
"ஒன்று இருக்கு."
"ஓ. எனக்கும்."

அவ்வளவுதான், போய்விட்டாள்.
இப்போது நான் அவள் முதுகுக்குப் பின்னால்.
எத்தனை பல்லு வைத்திருக்கிறாள் என்று
குனிந்து எண்ணப் பார்த்தேன்.
செயின் கவர் மூடியிருந்தது.
அவள் எறிந்த கோது ஒன்று
காற்றேறி வந்து
என் கன்னத்தில் ஒட்டியது.